இன்று காலையில் என்ன மீன் வந்தது? கோடைச் சுற்றுலாக் கேள்விகளுக்குப் பதில்கள்

பள்ளிக்கூடம் அடைத்துவிட்டது. வரும் கடிதங்களில் பாதி, கடலோரம் போகிறோம், எங்கே சாப்பிடலாம், என்ன சாப்பிடலாம் என்றுதான் கேட்கின்றன. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு மீனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பிறந்தது குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அம்மா ஓலைக் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக மீன் விற்றவர். நான் நாகர்கோவில் வடசேரியில் 22 வருடம் சாப்பாட்டுக் கடை நடத்தினேன். மதியம் மட்டும், மீன் சாப்பாடு மட்டும்.

கேள்வி: மே இரண்டாவது வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராமேசுவரம், கன்னியாகுமரி போகலாம் என்றிருக்கிறோம். மீன் சாப்பிடுவதற்காகவே போகிறோம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் நண்பர் ஒருவர், 'அது தடைக்காலம், ஓட்டல்களில் இருப்பதெல்லாம் ஐஸ் மீன்தான்' என்கிறார். உண்மையா? (சேலம் வாசகர்)

பாதி உண்மை. நம் கிழக்குக் கடற்கரை முழுவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் 61 ஆக்கினார்கள். மீன் முட்டையிட்டு இனம் பெருக்குகிற காலத்தில் கடலுக்கு ஓய்வு கொடுக்கிற ஏற்பாடு அது. சரியாக நம் பிள்ளைகளின் கோடை விடுமுறையும் அதே நேரத்தில்தான் வருகிறது.

ஆனால் தடை விசைப்படகுகளுக்குத்தான். கட்டுமரம், வள்ளம், பைபர் படகு என்று நாட்டுப்படகில் போகிறவர்களுக்குத் தடை இல்லை. அவர்கள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே போய், வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடுவார்கள். விசைப்படகு மீன் சில சமயம் பல நாள் கடலிலேயே ஐஸில் கிடந்துவிட்டுத்தான் கரையைப் பார்க்கிறது. நாட்டுப்படகு மீன் கடலை விட்டு வந்து நாலைந்து மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதனால் மே மாதத்தில் மீன் குறைவு, விலை கூடுதல், ஆனால் தேடிப் பிடித்துவிட்டால் ருசிக்குக் குறைவே இருக்காது. நெத்தோலி (உங்கள் பக்கத்து நெத்திலி), சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), காரல், கிழங்கான், கணவாய், நண்டு இவைதான் உங்களுக்கான மீன்கள். பெரிய துண்டு மீனை இந்த இரண்டு மாதம் மறந்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், குமரி மாவட்டத்துக்காரி என்பதால் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் சேரும், அங்கே ஏப்ரல் 15-இல் படகைக் கட்டிவிடுவார்கள். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மூன்றும் மேற்குக் கடற்கரைக் கணக்கு. அங்கே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக, மே மாதம் முழுவதும் அந்தப் பக்கம் விசைப்படகும் ஓடும். நீங்கள் கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முட்டம் குளச்சல் பக்கம் வந்துவிடுங்கள். ஒரு மணி நேரப் பயணத்தில் சாப்பாடே மாறிவிடும். பயணத்தை மட்டும் ஜூனுக்குத் தள்ளிவிடாதீர்கள். ஜூன் 1 முதல் 14 வரை இரண்டு பக்கமும் விசைப்படகு கிடையாது, நாட்டுப்படகு மீனை நம்பித்தான் எல்லா ஓட்டலும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள். எங்கள் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. அன்றைக்குச் சட்டியில் இருப்பது சனிக்கிழமை மீன்.

ஓட்டலில் உட்கார்ந்ததும் 'என்ன மீன் இருக்கு?' என்று கேட்காதீர்கள். 'இன்னைக்குக் காலையில என்ன மீன் வந்துச்சு?' என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பெட்டியில் இருப்பதெல்லாம் பதிலாக வரும். இரண்டாவது கேள்விக்குப் பரிமாறுகிறவர் உள்ளே திரும்பிப் பார்த்து இரண்டு பெயர் சொன்னால், அந்த இரண்டையும் வாங்கிச் சாப்பிடுங்கள். பதினான்கு பெயரை மூச்சுவிடாமல் ஒப்பித்தால் சாம்பார் சாதமே போதும் என்று எழுந்துவிடலாம்.

கேள்வி: போன வருடம் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ஓட்டலில் வஞ்சிரம் வறுவல் வாங்கினோம். நாரும் சக்கையுமாக இருந்தது. பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. அது வஞ்சிரம்தானா என்றே சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது? (ஈரோடு வாசகி)

வஞ்சிரம் துண்டு கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும். நடுவில் ஒரு முள், அவ்வளவுதான். தோல் மெல்லிசு, வெள்ளி நிறம், செதில் இருந்த தடமே தெரியாது. சதை வெள்ளையாக, விரலால் தள்ளினால் அடுக்கடுக்காகப் பிரியும். துண்டின் நடுவில், முள்ளை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஈரல் மாதிரிச் சதை பெரிதாகத் தெரிந்தால் அது சூரை. முள்ளுக்குப் பதில் மெத்தென்ற குருத்தெலும்பும், தேய்த்தால் உப்புத்தாள் போலத் தோலும் இருந்தால் சுறா. மசாலாவைத் தடவி வறுத்துவிட்டால் மேலோட்டமாக எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். அதனால் தட்டு வந்ததும் ஓரத்தில் மசாலாவைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். தப்பே இல்லை, உங்கள் காசு.

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தூத்துக்குடியில் சீலா என்றால் வஞ்சிரம். சென்னையில் சீலா என்றால் நீளமாக, கூர்மூக்கோடு, பல் நீட்டிக்கொண்டிருக்கும் ஊளி மீன். எங்கள் ஊரில் வஞ்சிரத்துக்கு நெய்மீன் என்று பெயர். ஓட்டல்காரர் ஏமாற்றாமலேயே நீங்கள் ஏமாறலாம். ஊர் மாறினால் பெயரை விட்டுவிட்டு மீனைக் காட்டச் சொல்லுங்கள்.

நாரும் சக்கையும் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது அசல் வஞ்சிரமாகவே இருந்திருக்கலாம். உறைய வைத்த மீனை வெந்நீரில் போட்டு அவசரமாக இளக்கினாலும், இளக்கி மறுபடி உறைய வைத்தாலும், சதையில் இருக்கும் நீர் எல்லாம் வடிந்துவிடும். பிறகு எண்ணெயில் போட்டால் அட்டைதான். காலையில் வறுத்து அடுக்கி வைத்ததை, கேட்கும்போது இன்னொரு முறை எண்ணெயில் காட்டிக் கொடுத்தாலும் இதே கதி. நான் ஐஸ் மீனே கூடாது என்கிறவள் இல்லை. பிடித்த உடனே ஐஸில் போட்டு, ஒழுங்காக வைத்து, ஒரே முறை இளக்கிச் சமைத்தால் நல்ல மீன்தான். கடையில் அவசரம் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இருபது நிமிஷம் ஆகும் என்று சொல்கிற கடையில் காத்திருங்கள், இரண்டு நிமிஷத்தில் வந்தால் யோசியுங்கள்.

கேள்வி: மெனுவில் சிங்கி இறாலுக்கும் முழு மீனுக்கும் நேராக விலை போடாமல் 'அன்றைய விலை' என்று போட்டிருக்கிறார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்காமல் வாங்கிவிட்டு, பில் வந்ததும் கணவருக்கும் எனக்கும் சண்டை. (திருப்பூர் வாசகி)

தங்கச்சி, கூச்சப்படவே வேண்டாம். மீன் விலை தினமும் ஏறி இறங்குவது உண்மை, அதனால் அப்படிப் போடுவதில் தவறு இல்லை. ஆனால் விலையைக் கேட்காமல் யாரும் மீன் வாங்குவதில்லை, ஏலத்தில் நிற்கிற வியாபாரி உட்பட.

மூன்றைக் கேளுங்கள். கிலோ என்ன விலை? இந்த மீன் எவ்வளவு எடை? அந்த எடை சுத்தம் செய்வதற்கு முன்பா, பின்பா? மூன்றாவதில்தான் பலர் விழுகிறார்கள். முழு மீனில் தலை, குடல், செதில், செவுள் போனால் எடையில் நல்ல பங்கு போய்விடும். சிங்கி இறாலில் பாதிக்கு மேல் ஓடும் தலையும்தான். சமைப்பதற்கு முன் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். காட்டும்போது கண்ணைப் பாருங்கள்: பளபளவென்று வெளியே புடைத்திருக்க வேண்டும், பால் விட்ட மாதிரி மங்கிக் குழிந்திருக்கக் கூடாது. செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னால் சிவப்பாக இருக்க வேண்டும். இதை ஒரு முறை செய்துவிட்டால் அன்றைக்கு அந்த ஓட்டலில் உங்கள் மேஜைக்குத் தனி கவனிப்பு இருக்கும்.

எனக்கும் ஒரு முறை நடந்தது. அண்ணன் குடும்பத்தோடு வெளியூர் போனபோது, ஒரு ஓட்டலில் முக்கால் கிலோ என்று சொல்லிக் காட்டிய கொடுவாயை எடுத்துப்போனார்கள். தட்டில் வந்தது அதில் பாதிகூட இல்லை. வால் பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன். காட்டிய மீனுக்கு வால் ஓரத்தில் வலை அறுத்த காயம் ஒன்று இருந்தது, இதில் இல்லை. சொன்னேன். முதலாளி வந்து பார்த்தார், பேசாமல் எடுத்துப்போய் அந்த மீனையே வறுத்து அனுப்பினார். அன்றிலிருந்து காட்டுகிற மீனை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஓட்டலில் இவ்வளவு விவரம் கேளுங்கள். கடற்கரையில் நாலு கூறு மீனைப் பரப்பி வெயிலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டாதீர்கள். தடைக்காலத்தில் ஏலத்தில் அவர்கள் எடுக்கும் விலையே ஏறியிருக்கும். என் அம்மா மாலையில் வெறும் கடவத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எண்ணுவதை நான் பார்த்திருக்கிறேன். சில நாள் மூன்று முறை எண்ணுவார்.

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. மீன் என்றால் உயிர். எனக்கோ முள் பயம். முள்ளில்லாத 'பிஷ் பிங்கர்' மட்டும்தான் வாங்கிக் கொடுக்கிறேன். வேறு என்ன கொடுக்கலாம்? (பெங்களூரு வாசகி)

பல ஓட்டல்களில் அந்த முள்ளில்லாத துண்டு, பாசா என்கிற பண்ணை மீன். நன்னீரில் வளர்ப்பது. கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அவ்வளவு தூரம் கடலைத் தேடி வந்து குளத்து மீனையா கொடுப்பது?

கணவாய்க்கு முள்ளே கிடையாது. அதிக நேரம் வேகவிட்டால்தான் ரப்பராகும், 'இளசாக எடுத்துவிடுங்கள்' என்று சொல்லி வாங்குங்கள், வளையம் வளையமாக ஆசையாகச் சாப்பிடுவான். கொடுவா, வஞ்சிரம் இரண்டிலும் முள் பெரிதாக இருக்கும், கையில் தட்டுப்படும், எடுப்பது சுலபம். கிழங்கான் பூப்போல மெத்தென்று இருக்கும், ஆனால் முதுகோரம் சிறு முள் உண்டு, அம்மா கை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சாளை, காரல் எல்லாம் இன்னும் நாலு வருடம் போகட்டும்.

பிரித்துக் கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மீனை நடு முள்ளிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிரிக்க வேண்டும், குறுக்கே பிய்த்தால் முள் ஒடிந்து சதைக்குள் தங்கிவிடும். பிரித்ததைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறை நசுக்குங்கள். கண்ணுக்குத் தப்பியது விரலுக்குத் தப்பாது. சோற்றோடு பிசைவது அதற்குப் பிறகுதான்.

முள் சிக்கிவிட்டால், வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வார்கள், வாழைப்பழம் கொடுப்பார்கள். வேண்டாம். முள் இன்னும் ஆழமாகக் குத்திக்கொள்ளும். என் கடையில் ஒரு பெரியவர் இப்படி மூன்று உருண்டை விழுங்கி, கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார்கள். இருமச் சொல்லிப் பாருங்கள். வலி நிற்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். மூச்சு திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: கடற்கரையில் சூரை மீன் வறுவல் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் என் கணவருக்கு முகமெல்லாம் சிவந்து, அரிப்பெடுத்து, நெஞ்சு படபடத்தது. அதற்கு முன் எத்தனையோ முறை சூரை சாப்பிட்டிருக்கிறார். இனி மீனே ஆகாது என்று விட்டுவிட்டார். சரிதானா? (திண்டுக்கல் வாசகி)

அவரை மீனைக் கைவிட வைப்பதற்கு முன் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வாமையாகவும் இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். அந்த வேறொன்றைப் பற்றி மீன் விற்கிறவர்கள் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களைப் பிடித்ததும் ஐஸில் போடாமல் வெயிலில் விட்டால், அதன் சதையில் ஹிஸ்டமின் என்கிற பொருள் கூடிவிடும். அது உடம்புக்குள் போனால் ஒவ்வாமை வந்த மாதிரியே முகம் சிவக்கும், தலை வலிக்கும், படபடக்கும். எத்தனை கொதி கொதித்தாலும், எண்ணெயில் எவ்வளவு முறுக வறுத்தாலும் அது அழியாது. பிறகு ஐஸில் வைத்தாலும் போகாது. மீன் நாறவும் நாறாது, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சில சமயம் நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று ஒரு எரிச்சல் தெரியும். மசாலா போடாத சதையில் அப்படித் தெரிந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். எங்கள் அம்மா இதன் பெயரெல்லாம் அறியாதவர், ஆனால் கோடையில் சூரையை மட்டும் பத்து மணிக்குப் பிறகு ஏலத்தில் எடுக்க மாட்டார். 'வெயில் பட்ட சூரை வீட்டுக்கு ஆகாது' என்பார்.

ஆக, டாக்டரிடம் என்ன மீன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எவ்வளவு நேரத்தில் வந்தது, கூடச் சாப்பிட்ட மற்றவர்களுக்கு ஏதாவது செய்ததா என்று விவரமாகச் சொல்லுங்கள். ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேருக்கு ஒரே மாதிரி வந்திருந்தால், கோளாறு மீனில் இருக்க வாய்ப்பு அதிகம். இறாலும் நண்டும் வேறு கணக்கு. அவற்றுக்கு உண்மையிலேயே ஒவ்வாமை இருக்கிறவர்கள் உண்டு, அவர்கள் ருசி பார்க்கக்கூட தொடக் கூடாது.

கேள்வி: மீன் சாப்பிட்டுவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டால் வெண்புள்ளி வருமா? (கரூர் வாசகர்)

வராது. வெண்புள்ளி உணவுச் சேர்க்கையால் வருவதில்லை. வங்காளத்தில் தயிர் ஊற்றியே மீன் சமைக்கிறார்கள். வயிறு நிறைந்த பிறகு ஐஸ்கிரீம் வேண்டுமா என்பது வேறு விஷயம்.

கேள்வி: ஆறு பேர் போகிறோம். மாமியார் சுத்த சைவம். கடலோர ஓட்டலில் அவரை வைத்துக்கொண்டு நாங்கள் மீன் சாப்பிடுவது சங்கடமாக இருக்கிறது. போன முறை ஒரே சட்டியில் பொரித்த அப்பளத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அவர் பாதியில் எழுந்துபோய்விட்டார். (கும்பகோணம் வாசகி)

என் கடைக்கு இப்படிப்பட்ட குடும்பங்கள் வந்திருக்கின்றன. வெளியே வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு, பாட்டிக்குப் பக்கத்துக் கடையிலிருந்து தயிர் சாதம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் உள்ளே சாப்பிடுவார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்லை. சுற்றுலா வந்தது அவரும்தான்.

மீன் ஓட்டலில் சைவம் கேட்பதே அவருக்குக் கஷ்டம். எண்ணெய் ஒன்று, கரண்டி ஒன்று, கல்லும் ஒன்று. வாடையும் இருக்கும். அதனால் காலையும் இரவும் அவருக்குப் பிடித்த சைவ ஓட்டலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுங்கள். மதியம் ஒரு வேளை மட்டும் மீன். அந்த வேளைக்கு முதலில் அவரைச் சாப்பிட வைத்து, அறையில் படுக்க விட்டுவிட்டு, துணைக்கு ஒருவர் இருந்துகொண்டு மற்றவர்கள் போய் வரலாம். முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் நீங்கள், மறுநாள் உங்கள் கணவர். எப்போதும் மருமகளே துணை இருக்க வேண்டும் என்றில்லை.

கேள்வி: மாலையில் கடற்கரை மணலில் தள்ளுவண்டியில் செக்கச்செவேல் என்று அடுக்கி வைத்திருக்கும் மீன் வறுவலை வாங்கலாமா? பிள்ளைகள் இழுக்கிறார்கள். (ஓசூர் வாசகர்)

மிளகாய்த்தூள் அந்தச் சிவப்பைத் தராது தம்பி. நல்ல காய்ந்த மிளகாய் எண்ணெயில் பட்டால் செம்பழுப்பாகத்தான் மாறும். விரலில் ஒட்டி, சோப்பு போட்டும் போகாத சிவப்பு சாயப்பொடி. கர்நாடகத்தில் 2024 ஜூனில் கபாப் வகைகளுக்கு, மீன் உட்பட, செயற்கைச் சாயம் சேர்க்கத் தடையே போட்டுவிட்டார்கள்.

எல்லா வண்டியும் அப்படியில்லை. மசாலா தடவாத மீனைத் தனியாக ஐஸில் வைத்து, நீங்கள் கேட்ட பிறகு தடவி, கண் முன்னால் வறுத்துக் கொடுக்கிற வண்டிகளும் உண்டு. எண்ணெயை ஒரு பார்வை பாருங்கள். கறுத்துப்போய் ஓரத்தில் நுரை கட்டி நின்றால் நகர்ந்துவிடுங்கள். நல்ல வண்டியில் நெத்தோலி வாங்குங்கள், ஒரு நிமிஷத்தில் முறுகிவிடும், தலையோடு தின்னலாம்.

கேள்வி: தடைக்காலத்திலும் எல்லா ஓட்டலிலும் இறால் கிடைக்கிறதே, எப்படி? (விழுப்புரம் வாசகர்)

பெரும்பாலும் வனாமி இறால். பண்ணையில் வளர்ப்பது. 2009-இல்தான் நம் நாட்டில் இதை வளர்க்க அனுமதி வந்தது, இன்றைக்குக் கடலோர மாவட்டங்களில் குட்டை குட்டையாக வளர்க்கிறார்கள். கடல் இறாலின் இனிப்பு இதில் குறைவு, மற்றபடி புதிதாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், தொட்டதும் கழன்றால் பழசு.

கேள்வி: குளச்சலில் மீன் வாங்கி கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக முடியுமா? காரில் போகிறோம். (கோயம்புத்தூர் வாசகர்)

தாராளமாக. தெர்மோகோல் பெட்டி அங்கேயே கிடைக்கும். மீன் எத்தனை கிலோவோ ஐஸ் அத்தனை கிலோ, இந்தக் கணக்கில் கஞ்சத்தனம் கூடாது. குடலையும் செவுளையும் எடுத்துக் கழுவித் தரச் சொல்லுங்கள், துண்டு போட வேண்டாம், வீட்டில் போய்ப் போட்டுக்கொள்ளலாம். அடியில் ஒரு பரப்பு ஐஸ், அதன் மேல் மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கி, மேலே தடிமனாக ஐஸ் போட்டு மூட வேண்டும். பெட்டியின் ஓரத்தில் அடிப்பக்கமாக ஒரு சின்ன ஓட்டை போட்டு, இளகும் தண்ணீர் வெளியே போக வழி செய்யுங்கள். மீன் அந்தத் தண்ணீரில் ஊறினால் சத்தும் ருசியும் போய்விடும். பெட்டிக்கு அடியில் ஒரு டப்பாவோ தட்டோ வையுங்கள், இல்லாவிட்டால் கார் ஒரு மாதத்துக்கு மணக்கும். மதுரையில் நின்று ஐஸ் குறைந்திருந்தால் மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது.

நண்டு வாங்கினால் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். அளவுக்கு மீறிக் கனமாக இருந்தால் உள்ளே சதை நிறைந்திருக்கிறது. பெரிதாக இருந்தும் லேசாக இருந்தால் அது அண்மையில் ஓடு மாற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான்.

கேள்வி: அம்மா, ஓட்டலை விடுங்கள். மே மாதத்தில் உங்கள் ஊருக்கு நாங்கள் வந்தால், ஒரே ஒரு மீன் சாப்பாடு என்றால் எதைச் சாப்பிடச் சொல்வீர்கள்? (சென்னை வாசகி)

நெத்தோலியும் மாங்காயும் போட்ட குழம்பு. சந்தேகமே இல்லை. மாங்காய்க்கும் மே மாதம்தான் காலம்.

நெத்தோலியின் தலையைக் கிள்ளும்போதே கட்டைவிரலால் ஒரு இழு இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். அம்மா ஒரு கிலோவைக் கால் மணி நேரத்தில் முடிப்பார், பேசிக்கொண்டே. கல் உப்புப் போட்டு மண்சட்டியில் உரசி மூன்று தண்ணீர் கழுவ வேண்டும். தேங்காய், மல்லி, காய்ந்த மிளகாய், மஞ்சள், கொஞ்சம் சீரகம், இரண்டு சின்ன வெங்காயம், எல்லாவற்றையும் அம்மியில் வெண்ணெய் போல அரைத்தெடுப்பார். புளி கிடையாது, புளிப்புக்கு மாங்காய் மட்டும். கொட்டை முற்றாத மாங்காயாக இருக்க வேண்டும், தோலோடு விரல் நீளத்துக்கு நறுக்கிப் போடுவார். அரைப்பும் மாங்காயும் பச்சை மிளகாயும் சேர்ந்து கொதித்து, மாங்காய் முக்கால் பதம் வெந்த பிறகுதான் மீன். மீனைப் போட்டதும் கரண்டியை எடுத்து வைத்துவிட வேண்டும், சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும். இரண்டு கொதி. கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு, மேலாகத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி. மூடிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் கேளுங்கள், இந்தக் குழம்பு கிடைக்கும். சிவப்புச் சம்பா அரிசிச் சோற்றுக்கும் நன்றாக இருக்கும், மயக்கிய மரச்சீனிக் கிழங்குக்கு, அதாவது வேகவைத்து மசித்த மரவள்ளிக்கு, அதைவிட நன்றாக இருக்கும். கடைக்குப் பன்னிரண்டரைக்கு முன்பே போய்விடுங்கள். ஒரு மணிக்கெல்லாம் சட்டி காலியாகிவிடும், அதற்குப் பிறகு வருகிறவர்களுக்குக் குழம்பு மட்டும்தான் ஊற்றுவார்கள், மீன் இருக்காது.